கேட்டதும் சொன்னதும்: பார்பரா ஸ்டான்விக்கின் அறுபது ஆண்டுகள்

சென்ற இதழில் டர்பன் கிரே வீதியைச் சுற்றியிருந்த பழைய பயாஸ்கோப் கொட்டகைகளைப் பற்றி எழுதியபோது, எங்கள் அம்மாக்கள் விரும்பிப் பார்த்த அமெரிக்க நடிகைகளுள் பார்பரா ஸ்டான்விக்கின் பெயரை ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தேன். கட்டுரையின் மற்ற பகுதிகளைப் பற்றி எழுதியவர்கள் சிலர்தாம். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கேள்வி அனுப்பியவர்களோ பலர். எனவே இந்த மாதப் பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

அன்புள்ள அக்காவுக்கு, காலஞ்சென்ற என் அம்மா துணி ஆலையில் தையல் வேலை செய்தவர். சம்பளம் வாங்கிய வாரத்துச் சனிக்கிழமையில் பயாஸ்கோப்புக்குப் போவது அவருடைய ஒரே பொழுதுபோக்கு. பெற்ற மகளின் கல்யாணத்தைத் தெருவில் மழையில் நின்றபடி ஜன்னல் வழியாகப் பார்க்கும் ஒரு தாயின் கதையை எத்தனையோ முறை எங்களுக்குச் சொல்லி அழுதிருக்கிறார். 1980-களில் வாடகைக்கு எடுத்து வந்த வீடியோ கேசட்டில் ஆஸ்திரேலிய ஆட்டுப்பண்ணைக் கதை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அதில் வந்த வெள்ளைமுடிக் கிழவியைக் காட்டி, "அந்த மழையில் நின்றவள் இவள்தான்" என்றார். நாங்கள் யாரும் நம்பவில்லை. அம்மா சொன்னது சரியா? – ஒரு வாசகி, சாட்ஸ்வர்த்

உங்கள் அம்மா சொன்னது முற்றிலும் சரி. அவர் கொட்டகையில் பார்த்தது 1937-இல் கிங் விடார் இயக்கிய 'ஸ்டெல்லா டாலஸ்'. வீட்டில் கேசட்டில் பார்த்தது 1983-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் நான்கு இரவுகளில் ஒளிபரப்பான 'தி தார்ன் பேர்ட்ஸ்'. இரண்டுக்கும் இடையே 46 ஆண்டுகள். முதலாவதில் நடித்தபோது ஸ்டான்விக்குக்கு முப்பது வயது, இரண்டாவதில் எழுபத்தைந்து.

அந்த மழைக் காட்சியை நான் அண்மையில் மீண்டும் பார்த்தேன். ஸ்டெல்லா ஆலைத் தொழிலாளி வீட்டுப் பெண். வசதியான குடும்பத்து ஆணை மணந்து, அந்த வாழ்க்கையோடு பொருந்த முடியாமல் பிரிந்தவள். தன் பேச்சும் உடையும் மகளின் எதிர்காலத்துக்குத் தடையாகிவிடும் என்று எண்ணி, தானே வேண்டுமென்று மகளை வெறுப்பவள் போல நடித்து அவளைத் தந்தையிடம் அனுப்பிவிடுகிறாள். கல்யாண நாளில் அந்த மாளிகைக்கு வெளியே, இரும்பு வேலிக்கு அப்பால், கூட்டத்தோடு கூட்டமாக நிற்கிறாள். போலீஸ்காரர் நகரச் சொல்கிறார். மாப்பிள்ளை முத்தமிடும்போது பெண்ணின் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கெஞ்சுகிறாள். அந்தப் பெண் யார் என்று அவரிடம் சொல்வதில்லை. பார்த்து முடித்ததும், கைக்குட்டையின் நுனியைப் பல்லில் கடித்தபடி திரும்பி, நம்மை நோக்கி நடந்து வருகிறாள். நடக்க நடக்க முகம் மலர்ந்து, நடையில் ஒரு துள்ளல் வந்துவிடுகிறது. அழுவதற்கென்று அமைந்த காட்சியில் அவர் மகிழ்ச்சியோடு நடந்து போவதால்தான், உங்கள் அம்மா வீட்டுக்கு வந்த பிறகும் அதைச் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறார்.

'தி தார்ன் பேர்ட்ஸ்' கதையில் அவர் ஏற்றது பெரும் பண்ணைக்குச் சொந்தக்காரியான மேரி கார்சன் என்ற விதவையின் வேடம். இளம் பாதிரியார் ரால்ஃபை விரும்பி, கிடைக்காமல் போனதால் சாகும் முன்பே அவரைப் பழிவாங்க வழி செய்து வைக்கும் கிழவி. உடல் முதிர்ந்தாலும் உள்ளே இருப்பவள் முதிரவில்லை என்று அவரிடமே வெடித்துச் சொல்லும் இடம் உங்கள் நினைவில் இருக்கும். இந்த வேடம் அவருக்கு அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதைப் பெற்றுத் தந்தது. அம்மா முகத்தை அடையாளம் கண்டாரா, குரலை அடையாளம் கண்டாரா என்று எனக்குத் தோன்றியது. குரலாகத்தான் இருக்க வேண்டும். ஸ்டான்விக்கின் குரல் சற்றுக் கரகரத்த, அடித்தொண்டையில் இருந்து வரும் குரல். முப்பது வயதில் இருந்த அந்தக் கரகரப்பு எழுபதிலும் அப்படியே இருந்தது.

வணக்கம். நான் நாடகக் கலை படிக்கும் மாணவன். ஸ்டான்விக் எந்தப் பள்ளியில் நடிப்புப் பயின்றார்? அவருடைய முறை என்ன? – ஒரு மாணவர், லெனேசியா

தம்பி, எந்தப் பள்ளியிலும் பயிலவில்லை. பொதுக் கல்வியே பதின்மூன்று, பதினான்கு வயதோடு நின்றுவிட்டது. 1907 ஜூலை 16-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்த அவருடைய இயற்பெயர் ரூபி ஸ்டீவன்ஸ். நான்கு வயதில், டிராம் வண்டியிலிருந்து ஒரு குடிகாரன் தள்ளிவிட்டதில் விழுந்து அடிபட்ட தாய் இறந்தார். தந்தை சில வாரங்களில் பனாமா கால்வாய் வேலைக்குப் போய்த் திரும்பவே இல்லை. அக்காவும், பணம் வாங்கிக்கொண்டு பிள்ளைகளை வளர்க்கும் வீடுகளும் மாறி மாறி அவரை வளர்த்தன. கடையில் பொட்டலம் கட்டும் வேலை, தொலைபேசி அலுவலகத்தில் அட்டைகளை அடுக்கும் வேலை ஆகியவற்றுக்குப் பிறகு, பதினைந்து, பதினாறு வயதில் மேடையில் வரிசையாக நின்று ஆடும் பெண்களுள் ஒருவரானார். 1926-இல் 'தி நூஸ்' என்ற பிராட்வே நாடகத்தில் அவருக்கு இருந்த சிறு பாத்திரத்தை, நாடகாசிரியர் வில்லார்ட் மேக் ஒத்திகையின்போது பெரிதாக்கி எழுதி, மேடையில் நிற்கவும் நடக்கவும் தாமே கற்றுக் கொடுத்தார். பார்பரா ஸ்டான்விக் என்ற பெயரும் அப்போது வைத்ததுதான்; பழைய நாடக விளம்பரத்தாளில் இருந்த ஒரு பாத்திரத்தின் பெயரையும் ஒரு நடிகையின் குடும்பப் பெயரையும் இணைத்து உருவாக்கினார்கள்.

முறை என்று கேட்டீர்கள். அவருடைய இயல்பைப் புரிந்துகொண்டு அதற்கேற்பப் படப்பிடிப்பையே மாற்றியவர் இயக்குநர் ஃபிராங்க் காப்ரா. 1930-இல் 'லேடீஸ் ஆஃப் லெஷர்' படத்தை எடுக்கும்போது, ஸ்டான்விக் முதல் முறை நடிக்கும்போதே உள்ளதையெல்லாம் கொட்டிவிடுகிறார், இரண்டாவது, மூன்றாவது முறைகளில் அந்த வேகம் வற்றிவிடுகிறது என்பதைக் காப்ரா கண்டுகொண்டார். அதனால் மற்ற நடிகர்களை அவர் இல்லாமலே ஒத்திகை பார்க்கச் செய்து, விளக்கும் ஒலியும் சரியான பின்பு அவரை அழைத்து, ஒரே நேரத்தில் பல கேமராக்களை வைத்து முதல் முறையிலேயே பிடித்துக்கொண்டார். அதற்காகப் பட்ட சிரமத்தை எண்ணிப் பாருங்கள். ஆனால் இதைப் படித்துவிட்டு, ஆயத்தம் இல்லாமல் வந்து நின்றால் போதும் என்று எண்ணிவிட வேண்டாம். முழுப் படத்தின் வசனத்தையும், தன்னுடையதை மட்டுமல்லாமல் எல்லோருடையதையும், மனப்பாடம் செய்துகொண்டுதான் அவர் படப்பிடிப்புக்கு வருவார். காலையில் முதலில் வந்து நிற்பவர் என்று பெயர் வாங்கியவர். தான் இயக்கிய நடிகைகளில் இவரளவு ஒத்துழைத்தவர் இல்லை என்ற பொருளில் செசில் பி. டிமில் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

நீங்கள் பார்த்துப் பழக வேண்டிய ஒரு காட்சியைச் சொல்கிறேன். 1944-இல் பில்லி வைல்டர் எடுத்த 'டபுள் இண்டெம்னிட்டி'. காப்பீட்டுப் பணத்துக்காகக் கணவனைக் கொல்லத் துணியும் மனைவியின் வேடம். அப்போது அமெரிக்காவிலேயே மிக அதிகம் சம்பாதித்த பெண் என்று பேசப்பட்ட ஸ்டான்விக், இப்படி ஒரு கொலைகாரியாக நடிப்பதற்கு அஞ்சினார் என்றும், "நீங்கள் நடிகையா, சுண்டெலியா?" என்று வைல்டர் கேட்ட பிறகே ஒப்புக்கொண்டார் என்றும் சொல்வார்கள். கார் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் ஓட்டுகிறார். பக்கத்து இருக்கையில் கணவனின் கழுத்தை, பின்னால் ஒளிந்திருந்தவன் நெரிக்கிறான். கொலை நம் கண்ணில் படுவதில்லை. கேமரா ஸ்டான்விக்கின் முகத்தை விட்டு அகலுவதே இல்லை. அந்த முகத்தில் பெரிதாக எதுவும் நிகழ்வதில்லை. பார்வை சாலையிலேயே இருக்கிறது. கண்ணோரத்தில் மட்டும் ஒரு நிறைவு மெல்ல வந்து தங்குகிறது. ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். பிறகு ஒலியோடு பாருங்கள்.

பெரிய திரையில் அரசியாக இருந்தவர்கள் தொலைக்காட்சிக்குப் போவது வீழ்ச்சி என்றே நான் எண்ணியிருக்கிறேன். ஸ்டான்விக்கும் வாய்ப்பு இல்லாததால்தானே போனார்? – ஓய்வு பெற்ற ஆசிரியர், டோங்காட்

ஐயா, உங்கள் எண்ணத்தில் ஒரு பாதி உண்மை. 1950-களில் அமெரிக்கப் படத்தொழில் ஆட்டம் கண்டிருந்தது. பெரிய ஸ்டூடியோக்கள் கொட்டகைகளையும் தாமே வைத்திருக்கக் கூடாது என்று 1948-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டுகளில் வீடுகளுக்குள் தொலைக்காட்சிப் பெட்டி நுழைந்தது. படங்களின் எண்ணிக்கை குறைந்தபோது முதலில் வேலை இழந்தவர்கள் நாற்பதைத் தாண்டிய நடிகைகள். அதே வயது ஆண் நடிகர்களுக்கு இருபத்தைந்து வயதுக் கதாநாயகிகள் ஜோடியாகிக்கொண்டிருந்தார்கள். இந்த அநியாயத்தை நம் தமிழ்ப் படங்களிலும் நாம் நெடுங்காலமாகப் பார்த்துவருகிறோம்.

ஆனால் மற்ற பாதி வேறு. ஸ்டான்விக் தன் தொழில் வாழ்வின் பெரும்பகுதியில் ஒரே ஸ்டூடியோவுக்குக் கட்டுப்பட்டிருக்கவில்லை. பெட் டேவிஸும் ஜோன் கிராஃபர்டும் நீண்டகால ஒப்பந்தங்களில் இருந்த காலத்திலேயே, இவர் படத்துக்குப் படம் ஒப்பந்தம் பேசி வேலை செய்தார். அதனால் வைல்டரின் குற்றக்கதை, பிரெஸ்டன் ஸ்டர்ஜஸின் நகைச்சுவை, ஹோவர்ட் ஹாக்ஸ், ஃபிரிட்ஸ் லாங், ஆன்டனி மான், டக்ளஸ் சர்க் என்று ஒருவர்க்கொருவர் சற்றும் பொருந்தாத இயக்குநர்களிடம் நடிக்க முடிந்தது. பதினான்கு வயதில் சம்பளத்துக்குப் போன பெண்ணுக்கு, வேலை வரும் இடத்துக்குப் போவது என்பது பழகிய வழி. குதிரைக் கதைகளான வெஸ்டர்ன் படங்களை மற்ற நடிகைகள் தரக்குறைவாக எண்ணிய நாட்களில் இவர் விரும்பி ஏற்றார். 1957-இல் சாமுவேல் ஃபுல்லரின் 'ஃபார்ட்டி கன்ஸ்' படத்தில், சேணத்தின் வளையத்தில் கால் மாட்டிக்கொண்டு குதிரையால் இழுத்துச் செல்லப்படும் காட்சியை, ஸ்டண்ட் ஆட்கள் தயங்கிய பிறகு, ஐம்பதை எட்டும் வயதில் தாமே செய்தார்.

தொலைக்காட்சியில் அவர் முதலில் தம் பெயரிலேயே நடத்திய 'தி பார்பரா ஸ்டான்விக் ஷோ' 1960-இல் தொடங்கி ஒரே பருவத்தோடு நின்றுவிட்டது. வாரம் ஒரு தனிக் கதை, ஏறத்தாழ எல்லாவற்றிலும் அவரே நாயகி. நின்றுபோன தொடருக்கு 1961-இல் எம்மி விருது கிடைத்தது. பிறகு 'வேகன் டிரெயின்' போன்ற தொடர்களில் விருந்தினராக நடித்துவிட்டு, 1965 செப்டம்பரில் 'தி பிக் வேலி' தொடங்கினார். 1870-களின் கலிஃபோர்னியா, ஸ்டாக்டன் நகரத்துக்கு அருகே ஒரு பெரும் பண்ணை. கணவனை இழந்த விக்டோரியா பார்க்லி, வளர்ந்த பிள்ளைகளோடு அதை ஆள்கிறாள். கணவனுக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்த ஹீத் என்ற இளைஞன் உரிமை கேட்டு வாசலில் வந்து நிற்கும்போது, பிள்ளைகள் கொதிக்கிறார்கள். அவனைத் தன் மகன் என்று ஏற்றுக்கொள்பவள் அவள்தான். ஹீத்தாக நடித்தவர் லீ மேஜர்ஸ். மகளாக நடித்தவர் லிண்டா எவன்ஸ். இருவரும் பின்னாளில் தனித்தனியே புகழ்பெற்ற தொடர்களுக்கு நாயகர்கள் ஆனவர்கள். 'தி பிக் வேலி' 1969 மே மாதம் வரை நான்கு பருவங்கள், 112 பகுதிகள். 1966-இல் அவருக்கு இரண்டாவது எம்மி.

112 பகுதிகள் என்பதை நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். முப்பத்தைந்து ஆண்டுகளில் எண்பதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தவர் அவர். அதைவிட அதிக எண்ணிக்கையில், அறுபதை ஒட்டிய வயதில், நான்கே ஆண்டுகளில், துப்பாக்கியும் குதிரையுமாக ஒரே பாத்திரத்தை வாரந்தோறும் நடித்தார். இதை வீழ்ச்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நம்மில் பலருக்கு அது வீழ்ச்சியாகத் தோன்றியதற்கு வேறொரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன். அந்த ஆண்டுகளின் ஸ்டான்விக்கை நாம் பார்க்கவே இல்லை. தென்னாப்பிரிக்காவில் தொலைக்காட்சி தொடங்கியது 1976 ஜனவரி 5-இல்தான். தபால் தந்தித் துறை அமைச்சராக இருந்த ஆல்பர்ட் ஹெர்ட்சாக் அது மக்களைக் கெடுத்துவிடும் என்று சொல்லி ஆண்டுக்கணக்கில் தடுத்து வைத்திருந்தார். 1969-இல் நிலவில் மனிதன் இறங்கியதை உலகமே பெட்டியில் பார்த்தபோது நாம் வானொலியில் கேட்டுக்கொண்டிருந்தோம். 'தி பிக் வேலி' முடிந்ததும் அதே ஆண்டுதான். பெட்டி வந்த பிறகும் அது எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் இருந்தது. மாலை நேரத்தில் அந்த மாமா வீட்டு முன்னறையில் பாய் விரித்து, நிகழ்ச்சி தொடங்கும் முன் திரையில் அசையாமல் நிற்கும் வண்ணக் கட்டங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஆங்கிலம் பாதி நேரம், ஆப்பிரிகான்ஸ் பாதி நேரம். நிறவெறி ஆட்சியை எதிர்த்துப் பிரிட்டிஷ் நடிகர் சங்கம் தன் உறுப்பினர்களின் நிகழ்ச்சிகளை இந்த நாட்டுக்கு விற்க மறுத்ததால், வந்தவற்றில் பெரும்பாலானவை அமெரிக்கத் தொடர்களாகவே இருந்தன.

ஆகவே கிரே வீதிக் கொட்டகையில் கறுப்பு வெள்ளையில் பார்த்த முகம், நம் கண்ணுக்கு ஒரு நாள் காணாமல் போய், பல ஆண்டுகள் கழித்து வெள்ளைமுடியோடு கேசட்டில் திரும்பி வந்தது. நடுவில் அவர் ஓய்ந்திருந்தார் என்று நாம் முடிவு கட்டிக்கொண்டோம். சாட்ஸ்வர்த் வாசகியின் வீட்டில் அம்மாவை யாரும் நம்பாமல் போனதும் இதனால்தான் இருக்கும்.

பழைய ஹாலிவுட் படங்களில் கறுப்பினத்தவரும் ஆசியர்களும் நடத்தப்பட்ட விதத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்டான்விக்கின் படங்கள் மட்டும் வேறா? – ஒரு வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

முழுக்க வேறு என்று சொன்னால் பொய்யாகிவிடும். இரண்டு படங்களைச் சொல்கிறேன். இரண்டும் 1933-இல் வந்தவை.

முதலாவது காப்ராவின் 'தி பிட்டர் டீ ஆஃப் ஜெனரல் யென்'. சீனாவில் உள்நாட்டுப் போரின் நடுவே சிக்கிய அமெரிக்க மதப்பணிப் பெண் ஒருத்தி, தன்னைப் பிடித்து வைத்திருக்கும் சீனத் தளபதியின்பால் மெல்ல மனம் சாய்கிறாள். வெள்ளைப் பெண் ஒருத்தி ஆசியனை விரும்புவதை அந்தக் காலத்தில் படமாக்கியதே துணிச்சல்தான். நியூயார்க்கின் புகழ்பெற்ற ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட படம் இதுவே. ஆயினும் வசூலில் தோற்றது. ஆனால் அந்தச் சீனத் தளபதியாக நடித்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த நில்ஸ் ஆஸ்தர். கண் இமைகளை மாற்றி ஒப்பனை செய்து அவரைச் சீனராக்கினார்கள். இனம் கடந்த திருமணத்தையும் உறவையும் 1949-இலும் 1950-இலும் சட்டம் போட்டுக் குற்றமாக்கிய நாட்டில் வளர்ந்த எனக்கு, அந்தப் படத்தின் துணிச்சலும் அதன் பொய்யும் இரண்டுமே உறுத்துகின்றன.

இரண்டாவது 'பேபி ஃபேஸ்'. ஊரை விட்டு நியூயார்க்குக்கு வந்து, தன் அழகைப் படிக்கட்டாக வைத்து ஒரு வங்கியில் மாடி மாடியாக மேலே ஏறும் லில்லி என்ற பெண்ணின் கதை. அவளோடு கூடவே வருபவள் சிக்கோ என்ற கறுப்பினப் பெண். நடித்தவர் தெரசா ஹாரிஸ். தொடக்கத்தில், லில்லியின் தந்தை நடத்தும் கள்ளச்சாராயக் கடையில் இருவரும் சேர்ந்து வேலை செய்கிறார்கள். தந்தை சிக்கோவை வேலையிலிருந்து நீக்க முற்படும்போது, அவள் போனால் நானும் போவேன் என்கிறாள் லில்லி. பின்னால் லில்லி பட்டும் கம்பளி மேலாடையுமாக வாழும்போது, சிக்கோ பணிப்பெண்ணின் வெள்ளை உடையில் இருக்கிறாள் என்பது உண்மைதான்; ஆனாலும் இருவர் பேச்சிலும் அந்தப் பழைய தோழமை மாறவில்லை. அவளை அனுப்பிவிடச் சொல்லும் பணக்காரனிடம், சிக்கோ இங்கேதான் இருப்பாள் என்று ஸ்டான்விக் சொல்லும் தொனியைக் கேளுங்கள். குரலை உயர்த்துவதில்லை. பேச இடமே இல்லை என்பதைப் போலச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குத் திரும்பிவிடுகிறார். என் அத்தை ஒருவர் டர்பனின் பெரியா பகுதியில் ஒரு வெள்ளைக்கார வீட்டில் இருபது ஆண்டு வேலை செய்தவர். அவரோடு சேர்ந்து இந்தப் படத்தைப் பார்த்தபோது, அந்த இடத்தில் கேசட்டை நிறுத்தி மறுபடி போடச் சொன்னார்.

இந்தப் படத்தை வெளியிடும் முன்பே தணிக்கையாளர்களின் நெருக்கடியால் வெட்டி, வசனத்தை மாற்றி, முடிவையும் மாற்றிவிட்டார்கள். வெட்டப்படாத பிரதி 2004-இல்தான் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. பார்ப்பதானால் அந்தப் பிரதியையே தேடிப் பாருங்கள்.

இவ்வளவு புகழும் நடிகைக்கு ஆஸ்கர் கிடைக்கவில்லையாமே? – ஒரு வாசகர், மெரிபேங்க்

போட்டியில் கிடைக்கவில்லை. நான்கு முறை பரிந்துரைக்கப்பட்டார்: 'ஸ்டெல்லா டாலஸ்', 'பால் ஆஃப் ஃபயர்', 'டபுள் இண்டெம்னிட்டி', கடைசியாக 1948-இல் வந்த 'சாரி, ராங் நம்பர்'. நான்கு முறையும் வேறொருவருக்குப் போனது. 'டபுள் இண்டெம்னிட்டி'க்குக் கொடுக்காதது பிழை என்பது என் உறுதியான கருத்து. ஸ்டூடியோ ஒப்பந்தம் இல்லாததால் இவருக்காக ஆதரவு திரட்ட எந்த ஸ்டூடியோவுக்கும் அக்கறை இல்லை என்று பலர் சொல்வதில் பொருள் இருக்கிறது.

கௌரவ ஆஸ்கர் 1982 மார்ச் மாதம் வழங்கப்பட்டது. அதன் பின்னால் ஒரு கதை உண்டு. 1939-இல் 'கோல்டன் பாய்' படத்தில் வில்லியம் ஹோல்டன் என்ற புது இளைஞரை நாயகனாகப் போட்டார்கள். முதல் சில நாட்களில் அவருடைய நடிப்பு சரியில்லை என்று நீக்கப் பார்த்தபோது, ஸ்டான்விக் அவருக்காக வாதாடி, படப்பிடிப்பு முடிந்த பின்பு தம் நேரத்தைக் கொடுத்து வசனம் பழக்கினார். ஹோல்டன் நின்றார், பெரிய நடிகரானார், ஆஸ்கரும் வாங்கினார். 1978 விழாவில் இருவரும் ஒரு விருதை அறிவிக்க ஒன்றாக மேடையேறியபோது, எழுதிக் கொடுத்ததை ஒதுக்கிவிட்டு, தம் வாழ்வைக் காப்பாற்றியவர் இவர் என்று எல்லோர் முன்னும் ஹோல்டன் நன்றி சொன்னார். அதை எதிர்பாராத ஸ்டான்விக் கண்கலங்கி அவரைத் தழுவிக்கொண்டார். 1981 நவம்பரில் ஹோல்டன் இறந்தார். நான்கு மாதம் கழித்துத் தம் விருதைக் கையில் வாங்கிய ஸ்டான்விக், எனக்கு ஆஸ்கர் கிடைக்க வேண்டும் என்று அவர் எப்போதும் விரும்பினார், இன்று அவர் விருப்பம் நிறைவேறியது என்று சொல்லி முடித்தார். அடுத்த ஆண்டு 'தி தார்ன் பேர்ட்ஸ்'க்காக எம்மி வாங்கிய மேடையிலும், தம்மோடு போட்டியிட்ட ஆன் மார்கிரெட்டின் நடிப்பைப் புகழ்வதற்கே நேரத்தைச் செலவிட்டார்.

அவருடைய குடும்ப வாழ்க்கை? – பெயர் குறிப்பிடாத வாசகர், ஸ்டாங்கர்

இரண்டு திருமணங்கள், இரண்டும் முறிந்தன. முதல் கணவர் மேடை நகைச்சுவையாளர் ஃபிராங்க் ஃபே, 1928 முதல் 1935 வரை. இரண்டாமவர் நடிகர் ராபர்ட் டெய்லர், 1939 முதல் 1951 வரை. மணமுறிவுக்குப் பல ஆண்டுகளுக்குப் பின், 1964-இல், டெய்லரும் அவரும் 'தி நைட் வாக்கர்' என்ற திகில் படத்தில் இணைந்து நடித்தார்கள். கொட்டகைக்காக அவர் நடித்த கடைசிப் படம் அதுவே. மற்றவை அவரோடு போனவை.

நம் நாட்டிலிருந்து அந்தக் கால ஹாலிவுட்டுக்குப் போன நடிகை யாராவது உண்டா? – ஒரு வாசகி, வெருலம்

ஜூலியட் பிரவுஸ். 1936-இல் பம்பாயில் பிறந்து தென்னாப்பிரிக்காவில் வளர்ந்த நடனக்காரர். 1960-இல் 'கேன்-கேன்' படத்திலும், எல்விஸ் பிரெஸ்லியோடு 'ஜி.ஐ. புளூஸ்' படத்திலும் நடித்தார். 1965-இல் 'மோனா மெக்கிளஸ்கி' என்ற தொலைக்காட்சித் தொடருக்கும் நாயகியானார். நம் ஸ்டான்விக்கும் எல்விஸோடு 1964-இல் 'ரவுஸ்டபவுட்' படத்தில், திருவிழாக் கூடாரங்களின் முதலாளியம்மாவாக நடித்திருக்கிறார். பிரவுஸைப் பற்றி எழுத இன்னும் நிறைய இருக்கிறது. தனியாக ஒரு கேள்வி அனுப்புங்கள்.

என் மகன் வேலை நிமித்தமாக லாஸ் ஏஞ்சலஸில் இருக்கிறான். என் மாமியாருக்கு, அதாவது அவனுடைய ஆயாவுக்கு, ஸ்டான்விக் என்றால் உயிர். ஆயாவின் நினைவாக அந்த அம்மையாரின் கல்லறையில் ஒரு பூ வைக்க வேண்டும் என்று மகன் கேட்கிறான். கல்லறை எங்கே இருக்கிறது? – ஒரு வாசகி, ஃபீனிக்ஸ், டர்பன்

அம்மா, அவருக்குக் கல்லறை கிடையாது. 1990 ஜனவரி 20-இல், எண்பத்திரண்டு வயதில், சாண்டா மோனிகாவில் இறந்தார். அடுத்த இருபத்திரண்டு நாட்களுக்குள் நம் நாட்டில் விடுதலை இயக்கங்கள் மீதான தடையை நீக்கிய பிப்ரவரி 2-ஆம் தேதி அறிவிப்பும், 11-ஆம் தேதி மண்டேலாவின் விடுதலையும் வந்ததால், நாங்கள் எல்லோரும் அந்த மகிழ்ச்சியில் மூழ்கியிருந்தோம். ஸ்டான்விக் மறைந்ததை நான் பல மாதங்கள் கழித்து, பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் கிடந்த ஒரு பழைய வாரப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

இறுதிச் சடங்கு வேண்டாம் என்பது அவர் விருப்பம். உடலை எரித்து, சாம்பலைக் கலிஃபோர்னியாவின் லோன் பைன் என்ற சிற்றூருக்கு மேலே ஹெலிகாப்டரிலிருந்து தூவினார்கள். அவர் வெஸ்டர்ன் படங்களில் குதிரை ஓட்டிய நிலம் அது. உருண்டை உருண்டையான பழுப்புப் பாறைகளும், அவற்றின் பின்னே பனி மூடிய விட்னி சிகரமும் நிற்கும் இடம். எத்தனையோ வெஸ்டர்ன் படங்களில் நாம் பார்த்த அதே பாறைகள். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வடக்கே 300 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். 395-ஆம் எண் நெடுஞ்சாலை அந்த ஊர் வழியாகவே செல்கிறது. ஆயாவின் பெயரால் பூ வைப்பதானால் உங்கள் மகன் அந்தப் பாறைகளில் எதன் மேலும் வைக்கலாம். பாலை வெயில் கடுமையானது. கோடையில் போவதானால் விடியற்காலையில் புறப்பட்டு, தண்ணீர் நிறைய எடுத்துச் செல்லச் சொல்லுங்கள்.